மாரியோவின் கையில் ஒரு வாசல்

மாரியோ 1981இல் நிண்டெண்டோவின் 'டாங்கி காங்' ஆர்கேட் பெட்டிக்குள் பிறந்தவன். அவனை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. ஓடுவான், தாவுவான், எதிரியின் தலையில் மிதிப்பான். பெரும்பாலும் அவ்வளவுதான்.

இன்னொரு வித்தை வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ரெட்மண்ட் நகரின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் 'நார்பாகுலர் டிராப்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். சுவரிலும் தரையிலும் இரண்டு வாசல்களைத் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007இல் அதே வித்தையோடு 'போர்ட்டல்' என்ற விளையாட்டு வந்தது.

மாரியோ, போர்ட்டல் இரண்டையும் இணைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த மோரிஸ் கெகன். 2012 மார்ச்சில் அவர் வெளியிட்ட விளையாட்டின் பெயர் 'மாரி0'. கடைசியில் இருப்பது பூஜ்யம். 'லவ்' என்ற இலவச எஞ்சினில், லுவா மொழியில் எழுதினார்.

பழைய மாரியோவில் பள்ளம் வந்தால் ஓடிவந்து தாவ வேண்டும். தவறினால் உயிர் போச்சு. இங்கே கையில் வாசல்களைத் திறக்கும் போர்ட்டல் துப்பாக்கி இருக்கிறது. தரையில் ஒரு வாசல், சுவரில் ஒரு வாசல். உயரத்திலிருந்து தரை வாசலுக்குள் குதித்தால், விழுந்த வேகம் குறையாமல் சுவரிலிருந்து பக்கவாட்டில் பாய்ந்து பள்ளத்தைக் கடக்கலாம். எதிரே வரும் கூம்பா என்ற எதிரியின் காலடியில் ஒரு வாசலைத் திறந்து, மற்றதைப் பள்ளத்துக்கு மேல் வைத்தால், அது நடந்துவந்து தானாகவே விழுந்து தொலையும். மனப்பாடமான கட்டங்கள்தான், ஆனால் ஒவ்வொரு சுவரையும் நின்று பார்த்து யோசிக்க வைக்கிறது. அதற்காகவே இந்தக் கலவையை நான் உயர்வாக மதிக்கிறேன். வேடிக்கைக்கு ஒட்டவைத்த ஒட்டு இல்லை இது. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், ஆளுக்கொரு துப்பாக்கி. புதிர்க் கட்டங்கள் தனியாக உண்டு. சொந்தக் கட்டம் அமைக்கவும் கருவி இருக்கிறது.

மாரியோ உருவம் நிண்டெண்டோவுடையது. மாரி0வைக் கெகன் விற்கவில்லை, இலவசமாகத்தான் கொடுத்தார். மூல நிரலும் திறந்தே கிடந்தது. அதனால்தான் கெகனோடு நிற்காமல், ரசிகர்கள் அதை எடுத்துப் புதிய எதிரிகளும் ஆற்றல்களும் சேர்த்துத் தனிப் பதிப்பே கொண்டுவந்தார்கள்.

லவ் எஞ்சினின் விளையாட்டுக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். பிரித்தால் மாரியோவுக்கு ஒரு கோப்பு, கூம்பாவுக்கு ஒரு கோப்பு என்று எல்லாம் எளிய லுவா வரிகளாக இருக்கும். நிரல் எழுதக் கற்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைத் திறந்து காட்டுங்கள். ஈர்ப்பு விசைக்கான எண்ணைத் தேடிப் பாதியாக்கிவிட்டு, மாரியோவைத் தாவவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.