முல்லைப் பெரியாறு அணையின் இரண்டு வாய்கள்: கலிங்கின் கீழே வாழ்வோர் யார்?

கூடலூரிலிருந்து குமுளி மலைச்சாலையில் செல்வோர் லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களைக் காணலாம். முல்லைப் பெரியாறு அணை என்றதும் கம்பம் பள்ளத்தாக்கின் நினைவுக்கு வருபவை இக்குழாய்களே. அவ்வணைக்கு மேற்கு நோக்கித் திறக்கும் இன்னொரு வாயும் உண்டு. அணைச் சிக்கல் இரு மாநிலங்களின் வழக்காகவே பேசப்படுவதால், அந்த வாயின் கீழே வாழும் மக்கள் விவாதத்தில் இடம்பெறுவதில்லை.

எந்த அணைக்கும் இருவகை வெளியேற்றம் தேவை. நம் ஏரிகளில் இவற்றை மதகு, கலிங்கு என்று பிரித்தழைத்தனர். மதகு தேவையான நீரை அளந்து தருகிறது. கலிங்கு, கரை உடையாதவாறு மிகுநீரை வெளியேற்றுகிறது.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையில், நீர்மட்டம் 104 அடிக்கு மேல் இருந்தால் மட்டுமே தேக்கடி தலைமதகு வழியாகச் சுரங்கத்தில் நீர் பாயும். போர்பை அணையைக் கடந்து குழாய்களில் இறங்கும் நீரின் உச்ச அளவு விநாடிக்குச் சுமார் 1,600 கன அடி. இரைச்சல் பாலம் வழியாகவும் ஒரு பகுதி வருகிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்நீரை நம்பியுள்ளது.

கலிங்கின் கணக்கு வேறு. அதன் அடிமட்டம் 136 அடி. பத்துக் கண்களுடன் சுமார் 86,000 கன அடியாக இருந்த அதன் திறன், மேலும் மூன்று கண்கள் சேர்க்கப்பட்டதால் 1.22 லட்சம் கன அடியாக உயர்ந்தது. இது குழாய்களின் திறனைப்போல் 75 மடங்குக்கும் மேல். எனவே பெருவெள்ளத்தின்போது தேனிப் பக்கம் எவ்வளவு நீர் எடுத்தாலும், எஞ்சிய வெள்ளம் பெரியாற்றிலேயே இறங்கியாக வேண்டும்.

கலிங்கு சிறுத்தால் என்ன நேரும் என்பதை 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மோர்பி நகரம் கண்டது. வடிவமைப்பில் கணக்கிட்டதைவிடப் பன்மடங்கு வெள்ளம் வந்து மச்சு-2 அணையின் மண்கரை உடைந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

கலிங்கின் அளவை முடிவுசெய்ய இந்தியத் தர நிர்ணயம் 11223 வழிகாட்டுகிறது. கொள்ளளவும் நீரின் உயரமும் கொண்டு அணைகளைச் சிறிய, இடைநிலை, பெரிய என மூன்றாகப் பிரித்து, சிறியவற்றுக்கு நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தையும், பெரியவற்றுக்கு நிகழக்கூடிய உச்ச வெள்ளத்தையும் அது அளவுகோலாக்குகிறது. கீழே உயிராபத்து மிகுதி எனில் பெரிய வெள்ளத்தைக் கொள்ளலாம் என்றும் கூறுகிறது. அதாவது, முதலில் சுவர் அளக்கப்படுகிறது. மனிதர்கள் பிறகே எண்ணப்படுகிறார்கள்.

பெரியாற்றில் அந்த மனிதர்கள் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தறை மக்கள். இப்பகுதித் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்வோரில் பலர், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பட்டியல் சாதித் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். லயம் தோட்ட நிர்வாகத்தின் உடைமை. குடியிருப்புக்குப் பட்டா இல்லாதவர், வெள்ளம் புகுந்தபின் இழப்பீடு கேட்கும்போது எதைக் காட்டுவார்?

2021 டிசம்பரில் இரவு வேளையில் ஷட்டர்கள் திறக்கப்பட்டதால் ஆற்றோர வீடுகளில் நீர் புகுந்ததாகக் கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. அணை உறுதியானதா என்ற வினாவுக்கு 2014 மே 7 தீர்ப்பு விடை தந்து, 142 அடி வரை தேக்க அனுமதித்தது. உறுதியான அணையும் முறைப்படி நீர் திறக்கும்போது, உறங்கும் குடும்பத்தை யார் எழுப்புவது என்பது தனி வினா.

அதற்கு விடை அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021இல் உள்ளது. தாழ்நிலப் பகுதிகளுக்கு வெள்ள எச்சரிக்கை அமைப்பு நிறுவுவதும், எதிர்பார்க்கப்படும் வரத்து, வெளியேற்ற அளவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதும் அணை உரிமையாளரின் கடமைகள். ஏற்கெனவே நிரம்பிய அணைகளுக்கு, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் வகுக்கப்பட வேண்டும். சட்டம் 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது.

எனவே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இரு மாநிலங்களிலும் கேட்க வேண்டியவை இவை: நீர் சூழும் பகுதிகளின் வரைபடத்தில் லயங்கள் குறிக்கப்பட்டுள்ளனவா? எச்சரிக்கை தமிழிலும் மலையாளத்திலும் வருகிறதா? இரவில் அது எத்தனை மணி நேரம் முன்னதாக வீட்டு வாசலை எட்டும்? பட்டா இல்லாதவருக்கு மாற்றிடமும் இழப்பீடும் உண்டா?

மதகின் நீரில் நமக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்க இயலாது. கலிங்கின் கீழே வாழும் நம் மக்களின் உயிரையும் அதே உறுதியோடு கோர வேண்டும்.