மின்கம்பிவழிச் சென்ற கட்டளைகள்: ஒரு சிறு வரலாறு



தொடக்கப்பள்ளி அறிவியலில் மின்சுற்றைக் கற்பிக்கும்போது, மின்கம்பி மின்சாரத்தைக் கொண்டு செல்கிறது என்று கூறி முடித்துவிடுகிறோம். அதே கம்பி செய்தியையும் சுமக்கும் என்பதை மாணவர்களுக்கு அரிதாகவே சொல்கிறோம். வீட்டு மின்கம்பியின்வழி விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் கட்டளை அனுப்பிய ஒரு தொழில்நுட்பத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அனுப்பிய கட்டளை ஏன் பல வேளைகளில் போய்ச் சேரவில்லை, அதைச் சேர்ப்பிக்கப் பொறியியலாளர்கள் என்ன செய்தார்கள் என்பதே இதன் சாரம்.

ஸ்காட்லாந்தின் கிளென்ரோதெஸ் நகரில் 1970-ஆம் ஆண்டு பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. கணிப்பான்களுக்கான சில்லுகளை வடிவமைத்த அந்நிறுவனம், தன் திட்டங்களை ‘எக்ஸ்’ என்ற எழுத்தோடு எண் சேர்த்து அழைத்தது. 1975-இல் உருவான பத்தாவது திட்டமே எக்ஸ்-10. 1978-இல் இக்கருவிகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. சுவரை உடைக்க வேண்டியதில்லை. புதுக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. இருக்கின்ற மின்செருகியில் ஒரு சிறு பெட்டியைச் செருகினால் போதும் என்பதே அதன் கவர்ச்சி.

அது இயங்கிய முறை எளிமையானது. மாறுதிசை மின்னோட்டத்தின் மின்னழுத்தம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சுழியத்தைக் கடக்கிறது. அமெரிக்காவில் நொடிக்கு 60 சுற்றுகள். ஆகவே நொடிக்கு 120 கடப்புகள். மின்னழுத்தம் சுழியத்தை ஒட்டியிருக்கும் அந்த அமைதியான கணத்தில், 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட குறியலை ஒரு மில்லி விநாடி நேரம் கம்பியில் ஏற்றப்படும். ஒரு கடப்பில் குறியலை இருந்து அடுத்த கடப்பில் இல்லாவிடில் அது 1. மாறி வந்தால் 0. வீட்டுக் குறியீடு 16, கருவிக் குறியீடு 16 என மொத்தம் 256 முகவரிகள். ஒரு விளக்கை ஏற்றும் முழுக் கட்டளைக்கு ஏறக்குறைய முக்கால் விநாடி ஆகும்.

ஆயினும், கட்டளைகள் வழியில் தொலைந்தன. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அமெரிக்க வீடுகளுக்கு 120 வோல்ட் கொண்ட இரண்டு கிளைகளாக மின்சாரம் வருகிறது. அனுப்பும் பெட்டி ஒரு கிளையிலும் விளக்கு மறு கிளையிலும் இருந்தால், குறியலை தெருவிலுள்ள மின்மாற்றி வரை சென்று திரும்ப வேண்டும். அதற்குள் அது நலிந்துவிடும். மின்சார அடுப்பை ஏற்றினால் மட்டும் சில வீடுகளில் விளக்குகள் கட்டளைக்குப் பணிந்தன. 240 வோல்ட் அடுப்பு இரு கிளைகளுக்கும் இடையே தற்செயலாகப் பாலமிட்டதே அதன் மர்மம்! இரண்டாவது, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றின் மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் குறியலையை உறிஞ்சிக்கொண்டன. மூன்றாவது, அதே மின்வழங்கிகள் எழுப்பிய மின்னிரைச்சலில் குறியலை அமிழ்ந்துபோனது.

இவற்றுக்குத் தீர்வுகளும் படிப்படியாக வந்தன. முதலில், இரு கிளைகளையும் ஒரு மின்தேக்கிச் சுற்றால் இணைத்தார்கள். அது 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைத் தடுத்து, 120 கிலோஹெர்ட்ஸ் குறியலைக்கு மட்டும் வழிவிட்டது. பெரிய வீடுகளுக்கு அது போதாதபோது மறுபரப்பிகள் வந்தன. எக்ஸ்-10 ஒவ்வொரு செய்தியையும் இருமுறை அனுப்பும். மறுபரப்பி முதல் முறை கேட்டுக்கொண்டு, இரண்டாம் முறையின்போது அதே செய்தியை இரு கிளைகளிலும் உரக்கச் சொல்லும். உறிஞ்சும் கருவிகளுக்கு முன்னால் வடிகட்டிகளும் செருகப்பட்டன. மூன்று மின்கட்டங்கள் உள்ள இடங்களையும் வடிவமைப்பாளர்கள் மறக்கவில்லை. மூன்று கட்டங்களும் வெவ்வேறு கணத்தில் சுழியத்தைக் கடப்பதால், குறியலை மும்முறை அனுப்பப்பட்டது.

குறியலையை வலுப்படுத்தியதால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஒரே மின்மாற்றியைப் பகிரும் அண்டை வீட்டுக்கும் அது பாய்ந்தது. அங்கும் அதே வீட்டுக் குறியீடு இருந்தால், இவர் அழுத்திய பொத்தானுக்கு அவர் வீட்டு விளக்கு எரியும்! இதைத் தடுக்க வீட்டின் நுழைவாயில் இணைப்பிலேயே தடுப்பு வடிகட்டி பொருத்த வேண்டியிருந்தது.

என் பார்வையில், அடிப்படைக் குறை வேறிடத்தில் இருந்தது. தொடக்கக்கால எக்ஸ்-10 விளக்குப் பெட்டிகள் பதில் சொல்லத் தெரியாதவை. அனுப்பியவருக்குக் கட்டளை சேர்ந்ததா என்று அறிய வழியில்லை. 2005-இல் அமெரிக்காவின் ஸ்மார்ட்லேப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இன்ஸ்டியான் இதைத் திருத்தியது. அதில் பெற்ற கருவி ‘பெற்றேன்’ என்று பதில் அனுப்பும். வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் செய்தியைக் கேட்டு ஒரே கணத்தில் மீண்டும் சொல்லும். மின்கம்பியோடு வானொலி அலையும் துணை நின்றது. தனியொரு மறுபரப்பி சுமந்த வேலையை எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொண்டன.

இவ்வரலாற்றில் ஒரு திருப்பமும் உண்டு. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியானின் இணையச் சேவையகங்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. கம்பியும் கருவிகளும் பழுதின்றி இருந்தும், கைப்பேசியின்வழி கட்டளையிட்டுப் பழகியவர்கள் திகைத்தனர். அதே ஆண்டு ஜூன் மாதம் பயனர்கள் சிலரே அந்நிறுவனத்தின் உடைமைகளை வாங்கிச் சேவையை மீட்டனர். வீட்டுக்குள் அரை நூற்றாண்டாகச் சீர்செய்யப்பட்ட நம்பகம், வீட்டுக்கு வெளியே எங்கோ இருந்த ஒரு கணினியால் அறுந்துபோனது. வீட்டிற்கு இத்தகைய கருவிகளை வாங்க நினைக்கும் பெற்றோர்கள், ‘இணையம் இல்லாவிட்டாலும் இது இயங்குமா?’ என்று முதலில் கேட்பது நலம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு செய்தி உள்ளது. பின்வரிசை மாணவனுக்குப் பாடம் எட்டவில்லை என்றால் குரலை உயர்த்துகிறோம். சில நேரம் அது பயன் தரும். எனினும், மாணவன் தான் விளங்கிக்கொண்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லும்போதுதான் பாடம் சென்று சேர்ந்தது நமக்குத் தெரிகிறது. அடுத்த முறை மின்சுற்றுப் பாடம் வரும்போது மின்சார அடுப்பின் கதையை மாணவர்களிடம் கூறி, காரணத்தை அவர்களையே ஊகிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தரும் பதில்களை அறிய ஆவலாக உள்ளேன்.