தாய்வழிக் காப்பு: பச்சிளங்குழந்தை ரணஜன்னித் தடுப்பின் வரலாறும் ‘ஒழிப்பு’ என்னும் சொல்லும்

முன்னுரை

கருவுற்ற பெண்ணுக்குத் தடுப்பூசி செலுத்திப் பிறக்கும் குழந்தையைக் காக்கும் முறையின் வரலாற்றில் ரணஜன்னிக்குத் தனியிடம் உண்டு. அறுக்கப்பட்ட தொப்புள்கொடியின் வழியே நுழையும் கிருமியின் நஞ்சு, பெரும்பாலும் பிறந்த ஒரு வாரத்திற்குள் குழந்தையைப் பாலருந்த இயலாமல் செய்து, இசிவை உண்டாக்கிக் கொல்கிறது. ஸ்பானிய மொழி வழங்கும் அமெரிக்க நாடுகளில் இதற்கு ‘ஏழு நாள் நோய்’ என்னும் பெயரே உண்டு. இந்நோய்த் தடுப்பின் வரலாற்றை முன்வைத்து, தமிழில் வழங்கும் ‘ஒழிப்பு’ என்னும் சொல்லின் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வகமும் மகப்பேறும்

1890இல் பேரிங், கிட்டசாட்டோ ஆகியோர் ரணஜன்னி நஞ்சை முறிக்கும் ஆற்றல் குருதிநீரில் உண்டாவதை நிறுவினர். 1892இல் பால் எர்லிக், தாய் எலியிடமிருந்து குட்டிக்கு எதிர்ப்பாற்றல் கடத்தப்படுவதை விளக்கினார். 1920களில் பிரான்சில் வீரியம் நீக்கப்பட்ட நஞ்சிலிருந்து தடுப்பூசி உருவானது. எனினும், அதனைப் பெருமளவில் முதலில் பெற்றோர் இரண்டாம் உலகப்போரின் படைவீரர்களே ஆவர்.

1961இல் நியூகினியிலிருந்து ஸ்கோஃபீல்டு குழுவினரும், 1966இல் கொலம்பியாவிலிருந்து நியூவெல் குழுவினரும் வெளியிட்ட ஆய்வுகளே தாய்வழிக் காப்பின் பயனைக் களத்தில் நிறுவின. கொலம்பிய ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவினருக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி இடப்பட்டது. ரணஜன்னித் தடுப்பூசியை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தவணைகள் பெற்ற பெண்களின் குழந்தைகளுள் ஒன்றும் இந்நோயால் இறக்கவில்லை. எர்லிக்கின் ஆய்வுக்கும் இதற்கும் இடையே 70 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. இவ்விடைவெளியை அறிவியல் குறைபாடு ஒன்றைக் கொண்டே விளக்க இயலாது. வீட்டில் பிறந்து வீட்டிலேயே இறந்த குழந்தைகளுட் பலர் எப்பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. கணக்கில் வராத இறப்பு கொள்கையிலும் இடம்பெறுவதில்லை.

இலக்கும் சொல்லும்

1988இல் உலகெங்கும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங்குழந்தைகள் ரணஜன்னியால் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 1989இல் உலக சுகாதாரப் பேரவை, 1995ஆம் ஆண்டை இலக்காக வைத்தது, அவ்விலக்கு எட்டப்படவில்லை. 2018இல் இறப்பு ஏறத்தாழ 25,000 ஆகக் குறைந்தது. இந்தியா 2015இல் இலக்கை எட்டியது. தடுப்பூசியோடு தூய்மையான மகப்பேற்று முறைகளும் இதற்குக் காரணங்களாகும்.

இங்கு ‘ஒழிப்பு’ என்பதன் அளவுகோல், ஒவ்வொரு மாவட்டத்திலும் 1,000 உயிருள்ள பிறப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவான நோயுறுதல் என்பதே. 1980இல் அறிவிக்கப்பட்ட பெரியம்மை ஒழிப்போ, அந்நோய் இயற்கையில் அறவே இல்லாமற் போனதைக் குறித்தது. தமிழில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் நிலைத்திருப்பவை. மேலும், இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. ஆகவே, அண்டை வீட்டார் பெற்ற தடுப்பூசி எவரையும் காக்காது.

முடிவுரை

பெரியம்மைத் தடுப்பு முடிவுற்ற வரலாறு. ரணஜன்னித் தடுப்போ ஒவ்வொரு தலைமுறைத் தாயிடத்தும் மீண்டும் தொடங்க வேண்டிய பணி. ஆதலின் இதனை ‘ஒழிப்பு’ என்பதைவிட ‘இடைவிடாக் காப்பு’ என்று குறிப்பதே பொருந்தும். பணி முடிந்துவிட்டது என்று கருதவைக்கும் சொல், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குரிய காப்பைத் தளர்த்தக்கூடும்.