லயத்து வாயிலும் கோலமும்

மனைக்கு இடம் தேர்தல் தமிழர் பண்டே அறிந்த கலை. நூல் பிடித்துத் திசை நோக்கி அரண்மனை வகுத்த முறையை நெடுநல்வாடை கூறும். ஆயின் ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர்க்கு அவ்வுரிமை வாய்த்திலது. நிருவாகம் ஒதுக்கிய லயத்து அறையே வீடு. வேலை போயின் வீடும் போகும். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தால் லயங்கள் பல முள்வேலிக்குள் அடங்கின. அங்கும் பெண்டிர் வாயிலில் கோலமிட்டனர். மாவிலைத் தோரணம் கட்டினர். சுவரில் சாமிப்படம் மாட்டினர்.

1966-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்த அளவு வசதிகளை வகுத்தது. வீட்டை அவர்க்கு உடைமையாக்கவில்லை. 1998-இல் சிங்கப்பூருக்கு இரண்டாம் பாலம் திறந்தபின் கெலாங் பாத்தாவைச் சூழப் புதுமனைகள் பெருகின. ‘உடைந்த வளையல்’ என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். மனையைத் தேர இயலாதார் வாயிலையேனும் தமதாக்கினர். இல்லத்தின் அழகு அவர்க்கு உரிமையின் குரலாயிற்று.