காதற் படத்தின் முன்னோட்டத்தில் கூற்றும் கேட்போரும்

திரைப்படம் ஒன்று வெளிவருமுன் அதனை மக்களுக்கு அறிவித்தற்பொருட்டு ஆக்கப்படும் குறும்படத்தை முன்னோட்டம் என்று வழங்குகின்றோம். இதற்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் டிரெய்லர் என்பது. பின்னே இழுபட்டு வருவது என்பது அச்சொல்லின் பொருள். முன்னே வருவதற்குப் பின்னே வருவதன் பெயர் எங்ஙனம் வாய்த்தது எனின், தொடக்கக் காலத்து அமெரிக்க அரங்குகளில் இக்குறும்படங்கள் முதன்மைப் படம் முடிந்த பின்னரே காட்டப்பெற்றன. மக்கள் எழுந்து செல்லும் வேளையில் அவற்றைக் காண்பார் சிலரே ஆயினர். ஆதலின் இடம் முன்னதாக மாறிற்று. பெயர் மட்டும் மாறாது நின்றது. மார்க்கசு லோ என்பாரின் அரங்குகளுக்கு விளம்பரப் பொறுப்பாளராய் இருந்த நில்சு கிரான்லண்டு 1913ஆம் ஆண்டில் ஆக்கிய குறும்படத்தை இவ்வகையின் தொடக்கமாகக் கூறுவது வழக்கம். அது திரைப்படம் ஒன்றற்கு ஆக்கியதன்று. நியூயார்க்கில் மேடையேறவிருந்த 'தி பிளெஷர் சீக்கர்ஸ்' என்னும் இசைநாடகத்திற்கு ஆக்கியதாகும்.

விளம்பரம் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளன்று என்பார் உளர். நூலுக்கு முன் நின்று நூலை அறிவிக்கும் பாயிரத்திற்கு இலக்கணம் வகுத்துக்கொண்ட மரபினராகிய நாம் அங்ஙனம் கூறுதல் பொருந்தாது. தன்னைப் புகழ்தல் தகுதியன்று ஆதலின், ஆசிரியன் அல்லாத பிறரே சிறப்புப்பாயிரம் செய்தற்குரியர் என்பது நன்னூலார் கொள்கை. திரைப்பட முன்னோட்டத்தையும் பெரும்பாலும் படத்தின் இயக்குநர் செய்வதில்லை. 1919ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தோன்றிய நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்னும் நிறுவனம் பல படநிறுவனங்களுக்கும் முன்னோட்டம் ஆக்கித் தருவதையே தொழிலாகக் கொண்டு பல்லாண்டுகள் விளங்கிற்று. இவ்வொப்புமை இவ்வளவோடு நிற்க.

ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது அமெரிக்கக் காதற் படங்களின் முன்னோட்டம் ஒன்றே. ஏனைய வகைகளை விடுத்து இதனைக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. துப்பறியும் படத்தின் முன்னோட்டம் முடிவை மறைத்தால் போதும். காதற் படத்தில் மறைத்தற்குரிய முடிவு ஒன்று பெரும்பாலும் இல்லை. இருவரும் கூடுவர், அன்றிப் பிரிவர் என்பதைக் காண்போர் முன்னரே அறிவர். எனவே கதையைக் காட்டி ஆவலைத் தூண்டுவதினும், இருவரிடை நிகழும் உணர்ச்சியின் ஒரு துளியைக் காண்போர்க்கு முன்னதாக ஊட்டுவதே இம்முன்னோட்டத்தின் வேலையாயிற்று. இரண்டரை நிமிடத்தில் அதனைச் செய்தற்கு அது கண்ட வழி யாது என்பதே நம் வினா.

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவும் அடங்கும். ஒரு சொல்லை யார் கூறினார், யாரிடம் கூறினார், எவ்விடத்து, எப்பொழுது என்பன தெரிந்தாலன்றி அகப்பாட்டின் பொருள் விளங்காது என்பதை நாம் நன்கு அறிவோம். காதற் பட முன்னோட்டமோ கூற்றினை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனைய மூன்றனையும் களைந்து விடுகின்றது. நாயகி ஒரு காட்சியில் தன் தாயிடம் கூறிய சொல்லை, வேறொரு காட்சியில் தொடர்வண்டிச் சாளரத்தின் அருகே தனித்திருக்கும் நாயகனின் முகத்தின்மேல் ஒலிக்கச் செய்கின்றது. சொல் பழையது, கேட்போன் புதியவன். இம்முறை ஒருநாளில் தோன்றியதன்று. அரைநூற்றாண்டிற்கு மேற்பட்ட வளர்ச்சி அதன்பின் உண்டு.

பேசாப் படக் காலத்தில் சொல் எழுத்தாகவே இருந்தது. நிழற்படங்களும் சில காட்சித் துணுக்குகளும் வர, அவற்றிடையே எழுத்துப் பலகைகள் நடிகர் பெயரையும் படத்தின் பெருமையையும் பறைசாற்றின. 1927இல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்தின் முன்னோட்டத்தில் நடிகர் ஒருவர் திரையில் நின்று காண்போரை நேரே நோக்கிப் பேசினார். பேச்சு வந்துவிட்டது; எனினும் அது கதைக்குப் புறத்தே நின்றது.

1942இல் வெளிவந்த 'காசாபிளாங்கா' படத்தின் முன்னோட்டம் இவ்வளர்ச்சியில் நின்று நோக்கற்பாலது. படம் இன்று பெருங்காதற் படமாகப் போற்றப்படுகின்றது. ஆயின் அதன் முன்னோட்டம் காதலிற் தொடங்கவில்லை. முகம் காட்டாத ஆடவன் குரல் ஒன்று அந்நகரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றது: அது எங்குளது, அங்கே யார் யார் வந்து சேர்கின்றனர், ஏன் அவர்களால் வெளியேற இயலவில்லை என்பவற்றை அடுக்கிய பின்னரே, அந்நிலைக்களத்தின் மேல் அழியாக் காதல் ஒன்று படர்வதாகக் கூறுகின்றது. முதற்பொருளும் கருப்பொருளும் கூறிப் பின் உரிப்பொருளுக்கு வரும் அமைப்பு இது. அகப்பொருளை நினைத்து அம்முன்னோட்டத்தை யாரும் செய்திரார்; போர்க்காலத்தில் ஆடவரையும் மகளிரையும் ஒருங்கே அரங்கிற்கு ஈர்க்க வேண்டியிருந்தமையால் இடரையும் காதலையும் இணைத்தனர் என்று கொள்வதே நேரிது. இடையிடையே பெரிய எழுத்துகள் திரையின் குறுக்கே தோன்றி நடிகர் பெயர்களை முழங்குகின்றன. அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறார். இங்கோ பெயரே முதல் எனினும் அமையும். காதலிப்பவர் கதைமாந்தர் அல்லர், போகார்ட்டும் பெர்க்மனும் என்பதே அன்றைய முன்னோட்டம் சொன்ன செய்தி. காட்சிகளைப் பொறுத்தவரை, அவை ஓரளவு முழுமையாகவே எடுத்துக் காட்டப்பெற்றன. கூறியவனும் கேட்டவளும் ஒரே சட்டகத்துள் நின்றனர்.

மாற்றம் 1960களில் வந்தது. 1964இல் 'தி நைட் ஆஃப் தி இகுவானா' என்னும் படத்திற்கு ஆண்ட்ரூ கியூன் ஆக்கிய முன்னோட்டம் பழைய எழுத்துப் பலகைகளைக் கைவிட்டு, கருமையும் வெண்மையும் மோதும் காட்சிகளை விரைந்து வெட்டித் தொடுத்தது. அதற்குக் குரல் தந்தவர் அன்று இளைஞராயிருந்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். வெட்டு விரைந்ததனால் ஒரு காட்சியின் பேச்சு அக்காட்சியுள் முடியும் வாய்ப்பு அற்றது. அடுத்த காட்சியின் மேலும் அதற்கடுத்ததன் மேலும் அது வழிந்தோட வேண்டியதாயிற்று. கூற்று களத்தினின்று பிரியத் தொடங்கிய இடம் இதுவென்று கருதுகிறேன்.

அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் முன்னோட்டத்தை ஆண்டது ஆடவரின் ஆழ்ந்த குரல். 2008இல் மறைந்த டான் லாஃபான்டைன் ஆயிரக்கணக்கான முன்னோட்டங்களுக்குக் குரல் கொடுத்தவர். காதற் படத்திற்கு இக்குரல் செய்த தீங்கு ஒன்று உண்டு. நாயகியின் நெஞ்சத்தை நாயகியின் வாயினின்று கேளாமல், அவளை அறியாத ஓர் ஆடவன் வாயினின்று கேட்கும் நிலை வந்தது. அவள் இன்னாள், அவள் தேடுவது இன்னது, அவள் அறியாதது இன்னது என்று அவனே கூறினான். நம் மரபில் தலைவிக்கும் தோழிக்கும் செவிலிக்கும் தத்தம் கூற்று உண்டு. கண்டோர் கூற்றும் உண்டு. ஆயின் கண்டோர் தலைவியின் நெஞ்சுள் புகுந்து பேசுவதில்லை. பெண்குரலுக்கு இத்துறையில் இடமின்மையையே கருவாகக் கொண்டு 2013இல் 'இன் எ வேர்ல்டு' என்னும் படத்தை லேக் பெல் இயக்கி நடித்தார். அப்பொழுதைக்கு அக்குரல் பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. அதனிடத்தைப் பிடித்தவை இரண்டு: கதைமாந்தரின் சொந்தப் பேச்சு, மற்றொன்று பாட்டு.

கதைமாந்தர் பேச்சு இடத்தைப் பிடித்தபொழுதுதான் கூற்றின் இடப்பெயர்ச்சி முழுமையடைந்தது. இதனைச் செய்யும் கருவிகள் எளியவை. பேசும் வாயைத் தொடக்கத்தில் ஒரு நொடி காட்டுவர். பேச்சு தொடரும்பொழுதே காட்சியை மாற்றுவர். மாற்றிய காட்சியில் இருப்பது பேசாத முகம். அண்மையினின்று எடுக்கப்பெற்ற அம்முகம் எதனையோ கேட்பது போலவோ நினைப்பது போலவோ இருக்கும். எதை என்று அம்முகம் கூறாது; மேலே ஒலிக்கும் சொல் கூறிவிடும். பின்னர்த் திரை இருளும். அவ்விருள் அரை நொடியே நிற்கும். இசையின் அடியோடு ஒத்து விழும். மீண்டும் ஒளி வரும்பொழுது இருவரும் மழையிலோ கடற்கரையிலோ நிற்பர். இருளில் கழிந்த காலம் ஒரு நாளோ ஓர் ஆண்டோ என்று யாரும் வினவுவதில்லை. நகைச்சுவை கலந்த காதற்படமாயின் ஒரு வேறுபாடு உண்டு: உணர்ச்சி பெருகும் இடத்தில் இசை சட்டென்று அறுபடும்; அந்த அமைதியில் ஒருவர் பொருந்தாச் சொல் ஒன்றைக் கூறுவர்; அரங்கு நகும். படத்தின் பெயர் தோன்றிய பின்னும் இத்தகைய நகைத்துணுக்கு ஒன்று வாலாகத் தொங்கும்.

இசையும் இடம்பெயர்ந்ததே. படத்திற்குரிய இசை முடிவுறுமுன்னரே முன்னோட்டத்தை ஆக்க வேண்டியிருத்தலின், பிறிதொரு படத்தின் இசையையோ முன்னரே புகழ்பெற்ற பாட்டையோ எடுத்தாளுதல் தொழில்முறையாயிற்று. 2004இல் வந்த 'எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்' காதலின் நினைவை அழித்துக்கொள்ள முயலும் இருவரின் துயரக் கதை. அதன் முன்னோட்டத்தில் ஒலித்ததோ எலக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா குழுவினரின் 'மிஸ்டர் புளூ ஸ்கை' என்னும் களிப்புமிக்க பாட்டு. அப்பாட்டைப் படத்துள் கேட்க இயலாது. முன்னோட்டத்தைக் கண்டு சென்றவர் கேட்கக் காத்திருந்தது ஒன்று, கண்டது வேறொன்று.

இங்ஙனம் ஒலியே காதலை ஆக்குகின்றது என்பதற்குச் சான்று வேண்டுவோர்க்கு, ஆராய்ச்சியாளர் எவரும் திட்டமிட்டுச் செய்யாத சோதனைகள் இரண்டு கிடைத்துள்ளன. 1980இல் வந்த 'தி ஷைனிங்' அச்சம் தரும் படம். தந்தை தன் மனைவியையும் மகனையும் கொல்ல முற்படும் கதை. 2005இல் நியூயார்க்கில் படத்தொகுப்பாளர்க்கென நடந்த போட்டி ஒன்றற்காக அப்படத்தின் காட்சிகளைக் கொண்டே புதிய முன்னோட்டம் ஒன்று ஆக்கப்பெற்றது. இனிய ஆடவன் குரலும், பீட்டர் கேப்ரியலின் 'சால்ஸ்பரி ஹில்' என்னும் பாட்டும் சேர்க்கப்பட்டன. விளைவு: எழுத வராமல் தவிக்கும் எழுத்தாளன் ஒருவனும் தந்தையன்பு தேடும் சிறுவன் ஒருவனும் ஒருவரையொருவர் கண்டடையும் குடும்பப் படம். புதிதாக ஒரு காட்சியும் எடுக்கப்படவில்லை.

இரண்டாவது நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. ஆங் லீ இயக்கிய 'புரோக்பேக் மவுண்டன்' 2005இல் வெளிவந்தது. இரு ஆடவரின் மறைவுக் காதலைப் பாடுவது. அதன் முன்னோட்டத்தில் குஸ்தாவோ சாந்தாவோலாயாவின் கிதார் இசை மெல்ல நடக்க, கருந்திரையில் வெண்ணெழுத்து ஒரு தொடராய் எழுந்து மறையும். 2006இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் சிலர் அவ்விசையையும் எழுத்துமுறையையும் 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தின் காட்சிகள்மேல் பொருத்தினர். காலப்பயணம் செய்யும் முதிய அறிவியலாளரும் அவர்தம் இளைய நண்பனும் உடனே காதலர் ஆயினர். அவர்கள் ஒருவரையொருவர் நோக்கிய நோக்குகள் மூலப்படத்தில் வியப்பையும் அச்சத்தையும் காட்டியவை. அவற்றின் வேகத்தைக் குறைத்து, நோக்கிற்கும் நோக்கிற்கும் இடையே இருளை வைத்த அளவில் வியப்பு வேட்கையாயிற்று. நகைப்பதற்கென்று செய்யப்பெற்றதே எனினும், இதனினும் தெளிவாக இலக்கணத்தை எடுத்துக்காட்டிய நூல் ஒன்றை நான் கண்டதில்லை. கேலி செய்வோன் மரபை நன்கு அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ!

அளவைப் பற்றியும் ஒரு சொல். 1997இன் 'டைட்டானிக்' படத்திற்கு நான்கு நிமிடத்திற்கும் மேற்பட்ட முன்னோட்டம் ஒன்று செய்யப்பெற்றது; கப்பல் மூழ்குவது உட்படக் கதை ஏறத்தாழ முழுவதையும் அது காட்டிற்று. 1912இல் கப்பல் மூழ்கியதை உலகம் அறியும் ஆதலின் இழப்பொன்றும் நேரவில்லை. முடிவு தெரிந்தும் மக்கள் திரண்டமை, காதற் படத்தில் மறைத்தற்குரியது முடிவன்று என்னும் முற்கூற்றை வலியுறுத்தும். பின்னர் 2014இல் அமெரிக்க அரங்க உரிமையாளர் சங்கம் முன்னோட்டங்கள் இரண்டு நிமிட அளவினவாதல் வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுத்தது.

முன்னோட்டத்தை விரிவாக ஆராய்ந்தோருள் லிசா கெர்னன் குறிப்பிடத்தக்கவர். 2004இல் வந்த தம் நூலில் அவர் முன்னோட்டத்தைக் காண்போரை இணக்குவிக்கும் பேச்சுக்கலையாகக் கொண்டு, படவகை, கதை, நடிகர் புகழ் என்னும் மூன்றன் வழியாக அது எங்ஙனம் காண்போரை ஈர்க்கின்றது என்று விளக்கினார். பயன்மிக்க ஆராய்ச்சி அது. ஆயினும் பேசுவோன் ஒருவன், கேட்போர் பலர் என்னும் அடிப்படையில் நின்று நோக்குவதால், முன்னோட்டத்தின் உள்ளே நிகழும் கேட்போர் மாற்றத்திற்கு அதில் போதிய இடம் இல்லை என்பது என் கருத்து. நாயகி தாயிடம் கூறியதை நாயகனிடம் கூறியதாகக் காட்டுவது இணக்குவித்தல் மட்டுமன்று. அது புதியதொரு கூற்றைப் படைத்தலாகும்.

இது வெறும் இலக்கணச் செய்தியன்று என்பதை அண்மையில் எழுந்த வழக்கொன்று காட்டிற்று. 2019இல் டேனி பாயில் இயக்கத்தில் 'எஸ்டர்டே' என்னும் காதற்படம் வெளிவந்தது. முன்னோட்டத்தில் நாயகன் ஒருத்தியை நோக்கிப் பாடுகின்றான். அவளாக நடித்தவர் அனா டி அர்மாஸ். ஆனால் நாயகன் மனம் வேறொருத்தியிடம் செல்வதை முன்காட்சி கண்டோர் விரும்பாமையால், அவர் நடித்த பகுதி படத்தினின்று முற்றும் நீக்கப்பட்டது. அவரைக் காண விரும்பிப் பணம் தந்து படத்தைப் பார்த்த இருவர், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் படநிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். முன்னோட்டம் தனக்கெனக் கலைத்தன்மையுடைய படைப்பு என்று நிறுவனம் வாதித்தது. அது வணிகப் பேச்சே. பொய் விளம்பரத் தடைச்சட்டத்திற்கு உட்படக்கூடியதே என்று அவ்வாண்டு திசம்பரில் நீதிபதி கூறினார். வழக்கு 2024இல் இணக்கத்தில் முடிந்தது.

நீதிமன்றத்தில் எழுந்த வினா, முன்னோட்டத்தில் தோன்றிய நடிகை படத்தில் உளரா இலரா என்பது. இலர் என்பதை எவரும் எண்ணிக் கூறிவிடலாம். நடிகை உளராகி, அவர் கூறிய சொல்லும் உளதாகி, அச்சொல்லைக் கேட்டவன் மட்டும் வேறானால் யாது செய்வது? அங்ஙனம் ஒரு வழக்கை யாரும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால், கேட்போரையும் களனையும் காலத்தையும் நீக்கிய பின் ஒரு கூற்று முன்னைக் கூற்றேயாகுமா என்று நீதிபதி வினவ வேண்டியிருக்கும்.