வனக் காப்பாளர் முதல் காலநிலை அலுவலர் வரை: கொங்கு நாட்டில் அரசுத் தகுதிகளின் வளர்ச்சி

முன்னுரை

வறட்சி, வெள்ளம், கடும் வெப்பம் ஆகியவற்றின் தாக்குதலைத் தாங்கி, அவற்றிலிருந்து மீண்டெழும் ஆற்றலைக் காலநிலைத் தாங்குதிறன் என்பர். இத்துறையில் அரசின் உயர்பொறுப்பை ஏற்பவருக்குக் கள அறிவு, பல துறைகளை ஒருங்கே இயக்கும் ஆட்சித்திறன், உலக அவைகளில் உடன்பாட்டையும் நிதியையும் பேசிப் பெறும் வல்லமை ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன. இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நிறுவனங்களின் வழியே உருவானவை என்பதைக் கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட கொங்கு நாட்டின் வரலாறு காட்டுகிறது.

காடும் மழையும்

காட்டியலுக்கென இந்தியாவில் பள்ளி எதுவும் இல்லாத காலத்தில், ஆனைமலைக் காடுகளை முதலில் மேற்பார்வையிட்டவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மைக்கேல் படை அதிகாரியாக இருந்தார். 1856இல் சென்னை மாகாண வனக் காப்பாளராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெகார்ன் மருத்துவர். அவருக்குப் பின் வந்த பெடோம், தாவரவியலில் தேர்ந்த படை அதிகாரி. பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் 1851ஆம் ஆண்டுக் கூட்டத்துக்காக, வெப்பமண்டலக் காடழிப்பின் விளைவுகளை ஆராய்ந்த குழுவில் கிளெகார்ன் இடம்பெற்றிருந்தார். காடு அழிந்தால் மழையும் ஊற்றும் என்னவாகும் என்பது அக்குழு ஆராய்ந்த வினாக்களுள் ஒன்றாதலின், வன நிர்வாகத்தின் தொடக்கத்திலேயே தட்பவெப்பம் பற்றிய கவலை கலந்திருந்தது எனலாம்.

கல்வி தகுதியான காலம்

1878இல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கப்பட்டது. இந்திய வனத்துறையின் தலைவராக இருந்த டீட்ரிச் பிராண்டிஸின் ஆலோசனையை ஒட்டி 1882இல் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டது. கோயம்புத்தூரில் 1902இல் காஸ் வன அருங்காட்சியகமும், 1912இல் மெட்ராஸ் வனக் கல்லூரியும் அமைந்தன. சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்வி 1906இல் இந்நகருக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் கோவையில் பயின்றவர் வனச்சரகர் என்னும் இடைநிலைப் பதவிக்கே உரியவராயினர். உயர்பதவிக்குரியோர் பிரான்சின் நான்சியிலும், பின்னர் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில்லிலும், 1905 முதல் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயிற்சி பெற்றனர். களத்தை அறிந்தவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர் என்ற பிளவு இவ்வாறு பணியமைப்பிலேயே இடம்பிடித்தது.

இப்பிளவைக் கடந்தவர்களுள் முதன்மையானவர் எம். எஸ். சுவாமிநாதன். கோவை வேளாண் கல்லூரியில் 1940களில் பட்டம் பெற்ற அவர், காவல் பணிக்குத் தேர்வாகியும் மரபியல் ஆய்வையே மேற்கொண்டார். 1979இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகக் காலநிலை மாநாட்டில் உணவு உற்பத்தி குறித்து உரையாற்றிய அவர், அதே காலகட்டத்தில் மத்திய வேளாண் அமைச்சகத்தின் செயலராகவும், 1982 முதல் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். அறிவியல், ஆட்சி, உலக அரங்கு ஆகிய மூன்றும் அவரிடம் ஒன்றுகூடின. ஆனால் அது தனி மனிதரின் சாதனையே தவிர, பணிவிதியின் பயன் அன்று.

விடுதலைக்குப் பின்

1966இல் உருவான இந்திய வனப் பணிக்கு அறிவியல், வேளாண்மை, காட்டியல், பொறியியல் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் பட்டம் கட்டாயமாயிற்று. இந்திய ஆட்சிப் பணிக்கோ எந்தப் பட்டமும் போதுமானது. 1992இல் ரியோ மாநாட்டில் காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டபின் பேச்சுவார்த்தைத் திறனும், 2010இல் கான்கூன் மாநாட்டில் பசுமைக் காலநிலை நிதியம் நிறுவப்பட்டபின் நிதித்திட்டம் வகுக்கும் திறனும் இன்றியமையாதவையாயின. அந்நிதியத்தை அணுக நபார்டு வங்கி போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் வழியே திட்டங்கள் செல்லவேண்டியிருப்பதால், பாதிப்பை அளந்து காட்டும் அறிவும் அலுவலருக்கு வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் 2022இல் முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கான ஆட்சிமன்றக் குழு அமைந்தது. மாவட்டக் காலநிலை இயக்கத்தில் ஆட்சியர் இயக்க இயக்குநராகவும், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலராகவும் செயல்படுகின்றனர். இவை பதவிவழிப் பொறுப்புகள். அதாவது, வகிக்கும் பதவியால் தாமாகவே வந்து சேர்பவை. தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம், வனத் துறையின் கூடுதல் தலைமைச் செயலராக இருந்த சுப்ரியா சாகு 2025இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் புவியின் சாதனையாளர் விருதைப் பெற்றார். முன்னர் நீலகிரி மாவட்ட ஆட்சியராக இருந்து நெகிழிப் பயன்பாட்டுக்கு எதிராகச் செயல்பட்டவர் அவர் என்பது, மாவட்டக் கள அனுபவம் உயர்பொறுப்புக்கு அடித்தளமாவதை உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த கொங்கு நாட்டுக்கு நொய்யல், பவானி, அமராவதி ஆறுகளின் நீரும், வால்பாறைச் சரிவுகளின் நிலைப்பும், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரின் வெப்பப் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்த சிக்கல்கள். வனவியல் மட்டுமோ பொது நிர்வாகம் மட்டுமோ கற்றவரால் இவற்றை முழுமையாகக் கையாள இயலாது. வேளாண் பல்கலைக்கழகமும் வனக் கல்வி, வன ஆய்வு நிறுவனங்களும் ஒரே நகரில் அமைந்திருக்க, அவற்றின் பயிற்சியை நிதி, பன்னாட்டுப் பேச்சுவார்த்தை ஆகியவற்றோடு இணைத்து, கள அனுபவத்துடன் சேர்த்து, காலநிலை உயர்பதவிகளுக்குரிய தகுதியாகப் பணிவிதிகளிலேயே அரசு எழுதவேண்டும்.