கரி கலந்த கதை



நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் கல் மாதிரி இட்லி விழுந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அரிசி நல்ல அரிசிதான். உளுந்து குறைந்துவிட்டது, அவ்வளவுதான். உலோகவியல் படித்துவிட்டு கிழக்கிந்தியாவில் ஓர் உருக்காலையின் கோக் அடுப்புப் பிரிவில் சேர்ந்த பிறகு, அந்த இட்லியைப் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

1709-ல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதில் கோக் போட்டு இரும்பு உருக்கினார். அவருக்கு வாய்த்த நிலக்கரியில் கந்தகம் குறைவு. நமக்கு வாய்த்த ஜாரியா கரியோ நன்றாக இளகி ஒட்டும், ஆனால் சாம்பல் அதிகம். அடுப்பில் வாயு வெளியேறும், சாம்பல் வெளியேறாது. கரியில் 15 சதவீதம் என்றால் கோக்கில் ஏறக்குறைய 20 ஆகிவிடும். ஊதுலையில் அதற்கென்று கோக்கும் சுண்ணாம்புக்கல்லும் கூடுதலாகச் செலவு.

அதனால்தான் 1950-களின் தொடக்கத்தில் மேற்கு பொகாரோவிலும் ஜாமாடோபாவிலும் டாட்டா நிறுவனம் வாஷரிகள் அமைத்தது. கல் கனம், கரி லேசு. அந்த வித்தியாசத்தை வைத்தே பிரித்தார்கள். கழுவினாலும் நல்ல கரி போதவில்லை. சுமாராக ஒட்டும் கரியை நன்றாக ஒட்டும் கரியோடு கலந்தார்கள். பிறகு ஆஸ்திரேலியக் கரியும் கப்பலேறி வந்தது. ஜாம்ஷெட்பூரில் கரியை இடித்துக் கெட்டியாக்கி அடுப்பில் தள்ளும் முறையும் வந்தது. சுமாரான கரியும் அதில் உறுதியான கோக் ஆகிறது.

இனி என் தவறு. பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் ஒரு தொட்டியின் வாய் அடைத்து, கலவையில் சுருங்கும் கரி குறைந்துவிட்டது. நேரில் பார்க்காமலே விகிதம் சரி என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அடுப்பில் வெந்த கோக் சுவரை விட்டு விலகவில்லை. தள்ளும் இயந்திரம் தள்ளியும் நகரவில்லை. தொழிலாளர்கள் கதவடியில் நின்று நெருப்புக் கோக்கைக் கம்பியால் தோண்டி எடுத்தார்கள்.

சேலத்துக்காரரான ஃபோர்மேன் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "தம்பி, நீங்க பேப்பர்ல அஞ்சு பர்சென்ட்னு எழுதுறீங்க. அது எங்க மூஞ்சில சுடுது."

அன்றிலிருந்து, தொட்டியடி வரை நடந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. தம்பி தங்கைகளே, விகிதத்தைத் தாளில் சரியாகப் போடுங்கள். பிறகு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.